எல்லையில் மின்விலை ஏன் மாறுகிறது? ஒசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒசூர், பர்கூர் சிப்காட்டுகளிலும் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலைகளிலும் உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு, மின்சாரத்தை ஏலத்தில் வாங்கி விற்கும் சந்தையான எக்ஸ்சேஞ்சில் மின்சாரம் வாங்கித் தருவது என் வேலை. மதியம் ஒரு மணி வாக்கில் மறுநாளைய விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அதில் எஸ்1 (கர்நாடகப் பக்கம்), எஸ்2 (நம் பக்கம்) என்று இரண்டு கட்டங்கள் பக்கத்து பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் ஒரே விலை என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாறியிருந்தால் போன் வந்துகொண்டே இருக்கும்.

அந்தப் போன்களில் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

"கரண்டுக்கு ஏது சார் மார்க்கெட்? ஈ.பி. ஒண்ணுதானே இருக்கு?"

வீட்டு இணைப்புக்கு ஈ.பி. மட்டும்தான். ஆனால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு, பெரிய நுகர்வோர் வேறு இடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாங்கி, இருக்கிற கம்பிகள் வழியாகவே கொண்டுவந்துகொள்ளலாம். அதற்கான கட்டணங்களைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2008இல் ஐ.இ.எக்ஸ்., பி.எக்ஸ்.ஐ.எல். என்ற இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் தொடங்கின. 2022இல் எச்.பி.எக்ஸ். மூன்றாவதாக வந்தது. கோடையில் பற்றாக்குறை வந்தால் மாநில மின் நிறுவனங்களும் இங்கே வந்துதான் வாங்குகின்றன.

மறுநாள் சந்தையில் ஒரு நாள் 15 நிமிடம் வீதம் 96 பிளாக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. காலையில் ஏலம் திறந்திருக்கும் நேரத்துக்குள், எந்த பிளாக்கில் எவ்வளவு வேண்டும், அதிகபட்சம் என்ன விலை தருவோம் என்று எழுதிப் போட வேண்டும். விற்பவர்களும் இதேபோல் போடுவார்கள். எந்த விலைக்கு எவ்வளவு கேட்கிறார்கள், எவ்வளவு விற்கிறார்கள் என்று இரண்டு கோடுகள் வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் அந்த பிளாக்கின் விலை. எல்லோருக்கும் அதே விலைதான். நீங்கள் கூடுதலாக எழுதியிருந்தாலும் வெட்டிய விலையைக் கொடுத்தால் போதும்.

"ஜுஜுவாடியில ஒரு விலை, அத்திப்பள்ளியில ஒரு விலைன்னு சொல்றாங்களே, நெசமா?"

சில நேரங்களில் நிஜம். எக்ஸ்சேஞ்ச் நாட்டை 13 ஏலப் பகுதிகளாக வைத்திருக்கிறது. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா மூன்றும் எஸ்1. தமிழ்நாடும் புதுச்சேரியும் எஸ்2. கேரளம் எஸ்3. ஆகவே ஜுஜுவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால், மின்சந்தைக் கணக்கில் வேறு பகுதி.

பெரும்பாலான பிளாக்குகளில் 13 பகுதிக்கும் ஒரே விலைதான் வரும். பகுதிகளுக்கு இடையில் இருக்கும் கம்பிகளில் இடம் போதாத நேரத்தில் மட்டும் விலை பிரியும். நெரிசல் விலை என்று சொல்வது இந்தப் பிரிவைத்தான்.

"ஒரே நாடு, ஒரே கிரிட்னு சொன்னாங்க. அப்புறம் எப்படி ரெண்டு விலை?"

ஒரே கிரிட் என்பது உண்மை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் இயங்கத் தொடங்கியதும் தென் மாநிலங்கள் மற்ற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்தன. ஆனால் இணைந்திருப்பது வேறு, வேண்டிய அளவு கடத்த முடிவது வேறு. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு அளவு உண்டு.

கணக்கு இப்படிப் போகிறது. எக்ஸ்சேஞ்ச் முதலில் கம்பிகளுக்கு வரம்பே இல்லை என்று வைத்துக்கொண்டு நாடு முழுவதற்கும் ஒரு விலை கண்டுபிடிக்கும். அந்த விலையில் எந்தப் பகுதியிலிருந்து எங்கே எவ்வளவு பாய வேண்டும் என்பதை டெல்லியிலுள்ள தேசிய சுமை அனுப்பும் மையத்துக்கு அனுப்பும். இந்தப் பாதையில் இவ்வளவுதான் போகும் என்று அங்கிருந்து பதில் வரும். அந்த வரம்பைப் போட்டு எக்ஸ்சேஞ்ச் மறுபடி கணக்குப் போடும்போது, நெரிசலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தனித்தனி விலை வரும்.

ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். மாலை 6:30 முதல் 6:45 வரையிலான பிளாக்கில், வரம்பில்லாமல் பார்த்தால் எல்லோருக்கும் யூனிட் 4 ரூபாய். எஸ்1இலிருந்து எஸ்2க்கு 1,400 மெகாவாட் வர வேண்டும். பாதையில் இடம் 1,000 மெகாவாட்டுக்குத்தான். எஸ்1இல் விற்க முடியாமல் 400 மெகாவாட் தேங்கும், அங்கே விலை 3.50க்கு இறங்கும். எஸ்2இல் அந்த 400க்கு ஈடாக உள்ளூரிலேயே விலை கூடிய நிலையத்தை ஓட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த விலை கொடுக்க முடியாதவர்கள் விலக வேண்டும். இங்கே விலை 6க்கு ஏறும். நடுவில் இருக்கும் 2.50 ரூபாய்தான் அந்த 15 நிமிடத்துக்கு அந்தப் பாதையில் ஒரு யூனிட் இடத்தின் மதிப்பு. யாரும் உட்கார்ந்து வைத்த விலை இல்லை இது.

"கம்பி கண்ணுக்குத் தெரியுதே சார். முழுசா ஏத்தி விட வேண்டியதுதானே?"

நம் மாவட்டங்களில் இந்தக் கேள்வி வருவது நியாயம். ஒடிசாவின் தால்சேரிலிருந்து கோலாருக்கு வரும் உயர் அழுத்த நேர்மின் (டி.சி.) லைன் 2003இலிருந்து ஓடுகிறது. கோலாரிலிருந்து ஒசூருக்கு 400 கிலோவோல்ட் லைன் இருக்கிறது. தர்மபுரியில் 765 கிலோவோல்ட் துணை மின் நிலையம் இருக்கிறது. இவ்வளவு கோபுரங்களைத் தினமும் பார்த்துக்கொண்டே இடமில்லை என்று கேட்டால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு லைன் தாங்கும் அளவு வரை அதில் ஏற்றுவதில்லை. திடீரென்று ஒரு லைன் அறுந்தாலோ டிரிப் ஆனாலோ அதில் போன மின்சாரம் முழுவதும் கண நேரத்தில் பக்கத்து லைன்களுக்குத் தாவும். அவை அதையும் சேர்த்துத் தாங்க வேண்டும். அதனால் ஏதாவது ஒன்று போனாலும் மிச்சம் நிற்குமா என்று சோதித்துத்தான் பாதையின் மொத்த அளவை முடிவு செய்கிறார்கள். அதற்குமேல் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, முன்பே ஒப்பந்தம் போட்டவர்களின் பங்கையும் கழித்தால் மிஞ்சுவதுதான் சந்தைக்குக் கிடைக்கும்.

இந்த ஒதுக்கீடு வீண் என்று நினைப்பவர்களுக்கு 2012 ஜூலை 30, 31 தேதிகளைச் சொல்வேன். பினா – குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் டிரிப் ஆனதிலிருந்து தொடங்கி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்டுகள் சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருளில் மூழ்கின. அப்போது தெற்கு ஒரே அதிர்வெண்ணில் சேராமல் நேர்மின் இணைப்புகளால் மட்டும் தொடர்பில் இருந்ததால் தப்பித்தது. இன்று நாமும் அதே கிரிட்டில் இருக்கிறோம். அந்தக் காலியிடத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

"நடுவுல நிக்கற காசு யார் பாக்கெட்டுக்குப் போகுது?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1,000 மெகாவாட் 15 நிமிடம் வந்தால் 2.5 லட்சம் யூனிட். எஸ்2இல் வாங்கியவர்கள் யூனிட்டுக்கு 6 ரூபாய் வீதம் 15 லட்சம் கட்டுகிறார்கள். எஸ்1இல் விற்றவர்களுக்கு 3.50 வீதம் 8.75 லட்சம் போகிறது. நடுவில் 6.25 லட்சம் ரூபாய் நிற்கிறது.

அது எக்ஸ்சேஞ்சுக்கும் கிடையாது, உற்பத்தியாளருக்கும் கிடையாது. மின் அமைப்பு மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. விலைப் பிரிவால் வரும் தொகை அதில் சேர வேண்டும் என்பது விதி. கிரிட்டைப் பலப்படுத்தும் பணிகளுக்கும், பழைய துணை மின் நிலையப் பாதுகாப்புக் கருவிகளைப் புதுப்பிப்பதற்கும் இதிலிருந்து மானியம் தருகிறார்கள்.

இந்த ஏற்பாடு சரி என்பதே என் கருத்து. கம்பிக்குச் சொந்தக்காரரே இந்தக் காசை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், நெரிசல் தீராமல் இருப்பதில்தான் அவருக்கு லாபம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்த வருமானத்தை இணைப்புத்திறனைக் காக்கவும் கூட்டவும் முதலில் செலவிட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். என் மனக்குறை வேறு. எந்தப் பாதையில் நின்ற காசு எந்தப் பாதைக்குத் திரும்பிப் போனது என்று, கட்டியவருக்குப் புரிகிற மாதிரி ஒரு கணக்கு வர வேண்டும். ஒசூரில் பட்டறை நடத்துபவர் அதைக் கேட்க முழு உரிமை உள்ளவர்.

"அப்ப இது கிருஷ்ணகிரி டோல்கேட் மாதிரிதானே?"

இல்லை. டோல்கேட்டில் ரோடு காலியாக இருந்தாலும் அதே காசுதான். இங்கே பாதையில் இடம் இருந்தால் வித்தியாசம் பூஜ்யம். கம்பி போட்ட செலவுக்குத் தனியாகக் கடத்தல் கட்டணம் கட்டுகிறோம், வழியில் ஏற்படும் இழப்பும் தனி. நெரிசல் விலையை அவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"எங்க வீட்டு பில்லு இதனால ஏறுமா?"

நேராக ஏறாது. ஈ.பி. எக்ஸ்சேஞ்சில் அதிக விலைக்கு வாங்கினால் அது அதன் மொத்தக் கொள்முதல் செலவில் சேரும். ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது அந்தச் செலவையும் பார்க்கும்.

"மொதல்ல கேட்டவனுக்கு மொதல்ல குடுத்துட்டுப் போலாமே, எதுக்கு விலை ஏத்தணும்?"

முதலில் கேட்டவருக்குக் கொடுத்தால், மின்சாரம் யாருக்கு மிக அவசியம் என்பது தெரியாமலே போய்விடும். ஜூனில் மாம்பழக்கூழ் ஆலையில் பழம் வந்து குவிந்திருக்கும்போது மாலை நேர மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆலைக்காரர் தயார், ஏனென்றால் பழம் நாளை வரை காத்திருக்காது. கிரானைட் அறுக்கும் ஆலையில் அதே வேலையை இரவு 11 மணிக்குத் தள்ளிப்போடலாம். விலை தெரிந்தால் இருவரும் தாங்களே முடிவெடுப்பார்கள். 2008லிருந்து 2015 வரை நம் மாநிலத்தில் தொழிற்சாலைகளுக்கு இருந்த மின்வெட்டில் அந்த வாய்ப்பு இல்லை. தள்ளிப்போட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஒரே வெட்டு. அதைப் பார்த்தவன் என்பதால்தான் விலையின் பக்கம் நிற்கிறேன்.

இன்னொரு வழி, கம்பியில் உள்ள இடத்தைத் தனியாக ஏலம் விட்டு, மின்சாரத்தை வேறாக வாங்கச் சொல்வது. ஐரோப்பாவில் நெடுங்காலம் அப்படி இருந்தது. இடத்தை முதலில் வாங்க வேண்டும், மின்விலை பிறகுதான் தெரியும். அதனால் ஊகம் தப்பி, விலை கூடின நாட்டிலிருந்து குறைந்த நாட்டுக்கே மின்சாரம் பாய்ந்த நேரங்களும் உண்டு. 2006இல் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தன. பிறகு மற்ற நாடுகளும் வந்தன. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் 2021 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுடனான இணைப்புகளில் பழையபடி தனி ஏலத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நம் எக்ஸ்சேஞ்ச் முறையில் இடமும் மின்சாரமும் சேர்ந்தே விலையாகின்றன. இது நமக்கு நல்லதுதான்.

"என் பில்லுல நெரிசல் கட்டணம்னு ஒரு வரியே இல்லையே?"

வராது. நீங்கள் எஸ்2 விலையைக் கட்டும்போதே அது உள்ளே இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த பிளாக்கின் எஸ்2 விலையையும், நாடு முழுவதற்குமான வரம்பில்லாத விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நெரிசல் கட்டணம் என்று 2009 ஆண்டு விதிகளில் வேறொன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பாதை வரம்பைத் தாண்டினால், நெரிசலைக் கூட்டும் வகையில் அளவுக்கு மேல் இழுப்பவர்கள் மீது சுமை அனுப்பும் மையம் அறிவித்து விதிப்பது அது. முதலாவது முந்தின நாளே சந்தையில் தெரிகிற விலை. இரண்டாவது கட்டுப்பாடு மீறினால் வரும் தண்டம்.

"கர்நாடகாவுல ஒரு ஜெனரேட்டர்கிட்ட நேரா அக்ரிமென்ட் போட்டுட்டா தப்பிச்சிடலாம் இல்ல?"

விலையிலிருந்து தப்பிக்கலாம். கம்பியிலிருந்து தப்ப முடியாது. அந்த மின்சாரமும் அதே பாதையில்தான் வர வேண்டும். இடம் இல்லையென்றால் அனுமதி கிடைக்காது. கிடைத்த பிறகும் வெட்டலாம். நீண்டகால ஒப்பந்தக்காரர்களுக்கு முன்னுரிமை, குறுகிய காலத்துக்கு வருபவர்கள் கடைசி வரிசை.

2012, 2013இல் தெற்கு வாங்கும் விலை வடக்கைவிட மிக அதிகமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒப்பந்தங்கள் எடுத்துக்கொண்டது போகச் சந்தைக்கு மிஞ்சிய இடம் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் தெற்கின் பசி எல்லாம் போட்டி போட்டது.

"நம்மளது ஒரே மார்க்கெட். ரெண்டு பக்கமும் வேற வேற மார்க்கெட்டா இருந்தா என்ன ஆகும்?"

நல்ல கேள்வி, சிக்கலான கேள்வியும்கூட. அமெரிக்காவில் பி.ஜே.எம்., மிசோ என்று இரண்டு பெரிய சந்தைகள் பக்கத்து பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் தனித்தனியாக விலை போடுகின்றன. அங்கே பகுதி விலைகூட இல்லை, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விலை. அதில் மின்சாரம், நெரிசல், இழப்பு என்று மூன்று கூறுகள். பக்கத்துச் சந்தைக்கு விற்பவருக்கு எல்லையில் என்ன விலை கொடுப்பது என்பதில்தான் சண்டை.

பி.ஜே.எம். பக்கம் ஒரு லைன் நிரம்பி வழிகிறது என்று வையுங்கள். மிசோவிலிருந்து மின்சாரம் வந்தால் அந்த லைனின் சுமை குறையும், அந்த உதவியின் மதிப்பு 10 டாலர். பி.ஜே.எம். தன் எல்லை விலையில் அந்த 10 டாலரைச் சேர்த்துக் கொடுக்கிறது. இரண்டு சந்தைகளும் ஒன்றின் நெரிசலை மற்றது தீர்க்க உதவும் ஒப்பந்தத்தில் இருப்பதால், மிசோவும் அதே லைனைத் தன் கணக்கில் வைத்து, வெளியே விற்பவருக்கு 10 டாலர் சலுகை தருகிறது. உதவி 10 டாலருக்கு, காசு 20 டாலர். மிச்ச 10 இரண்டு பக்க நுகர்வோர் தலையில் விழுகிறது. அதற்குமேல் மோசம் என்னவென்றால், உண்மையில் தேவையில்லாத பரிமாற்றமும் லாபமாகத் தெரிந்து நடக்கும். மிசோவின் சந்தைக் கண்காணிப்பாளர்கள் இதைப் பல ஆண்டுகள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு எல்லையோரத்திலுள்ள புள்ளிகளை இருவருக்கும் பொதுவாக வைத்து எல்லை விலையைக் கணக்கிடும் முறை வந்தது.

நெரிசலுக்கு விலை வேண்டும், ஆனால் ஒரு நெரிசலுக்கு ஒரு தடவைதான். இரண்டு சந்தைகள் சந்திக்கும் எந்த எல்லையிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

"பேப்பர்ல ஒரு வழி, கரண்ட் போறது இன்னொரு வழின்னு சொல்றாங்களே?"

அது இயற்பியல். மின்சாரம் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பாயாது. தடை குறைந்த பாதைகள் அத்தனையிலும் பங்கு பிரித்துக்கொண்டு போகும். ராய்ச்சூரிலிருந்து சேலத்துக்கு வாங்கினால் ஒரு பங்கு ஒசூர் வழியாகவும் வரும், ஒரு பங்கு ஆந்திரத்தைச் சுற்றியும் வரும்.

இதை வைத்துச் சம்பாதித்த கதையும் உண்டு. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவிலுள்ள ஈரி ஏரியைச் சுற்றி நாலு சந்தைகள் இருக்கின்றன. 2008இல் சிலர் நியூயார்க்கிலிருந்து பக்கத்திலிருக்கும் பி.ஜே.எம்.முக்கு விற்கும் மின்சாரத்தை, கனடாவின் ஒண்டாரியோ, மிசோ வழியாக ஏரியைச் சுற்றி வருவதாகக் காகிதத்தில் காட்டினார்கள். அந்த வழியில் எல்லை விலை சாதகமாக இருந்தது. மின்சாரமோ பெரும்பகுதி நேராகவே பாய்ந்தது. நேர்ப்பாதை நெரிந்தது, அதைத் தீர்க்கும் செலவை நியூயார்க் நுகர்வோர் சுமந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க் மின்சந்தை நிர்வாகம் அப்படிப்பட்ட சுற்றுவழிகளைத் தடை செய்தது. எல்லை விலை உண்மையான பாய்ச்சலோடு ஒட்டாவிட்டால், யாராவது அந்த இடைவெளியில் நுழைவார்கள்.

"விலை பிரிஞ்சா நஷ்டம் வராம காப்பு எடுக்க முடியுமா?"

அமெரிக்கச் சந்தைகளில் முடியும். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான நெரிசல் வித்தியாசத்தை வாங்கியவருக்கே திருப்பித் தரும் நிதிவழிக் கடத்தல் உரிமைகளை ஏலத்தில் விற்கிறார்கள். அந்த உரிமை கையில் இருந்தால், எல்லையில் 2.50 கூடினாலும் அது உங்களுக்கே திரும்பி வரும்.

நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. வடக்கே யூனிட் 4 ரூபாய்க்கு வாங்கிவைத்த நினைப்பில் ஆர்டர் எடுத்த சிறு ஆலைக்கு, எஸ்2 விலை பிரிந்த நாளில் தாங்குவதற்கு எந்தத் துணையும் இல்லை. இந்தக் குறையை ஒழுங்குமுறை ஆணையம் தீர்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

"புது லைன் வந்து வித்தியாசமே இல்லாமப் போயிட்டா, அந்த லைன் தண்டச் செலவுதானே?"

வித்தியாசம் பூஜ்யமானதே அந்த லைன் வேலை செய்வதற்கு அடையாளம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் நேர்மின் லைன் 2020, 2021இல் படிப்படியாக வந்தது. அதற்கு முன்பும் பின்பும் வந்த 765 கிலோவோல்ட் லைன்களோடு சேர்ந்து, தெற்கின் விலை தனியே எகிறும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இதற்காக எல்லா நெரிசலையும் தீர்க்கும்வரை லைன் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆண்டுக்குச் சில மணி நேரம் வரும் நெரிசலுக்குப் பல ஆயிரம் கோடியில் கம்பி இழுப்பதைவிட, அந்தச் சில மணி நேரம் விலை வித்தியாசத்தைக் கட்டுவது மலிவு.

லைனின் செலவில் நிலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018இல் மேற்கு மாவட்ட விவசாயிகள் தோட்டத்தில் உயர்மின் கோபுரம் வேண்டாம் என்று போராடியபோது நம் பகுதி ஆட்களும் அதில் இருந்தார்கள். தென்னைக்கு நடுவில் கோபுரம் நின்றால் அந்த நிலத்தின் மதிப்பு என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டது மின்விலைக் கணக்கில் வர வேண்டிய கேள்வி. நெரிசல் விலையால் லாபம் எவ்வளவு என்று தெரியும்போது, நிலம் கொடுத்தவருக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதும் தெரியும்.

"எக்ஸ்சேஞ்ச் மூணு இருக்கே, கம்பி இடத்தை எப்படிப் பிரிச்சுக்கறாங்க?"

மூன்றும் தனித்தனியாக விலை கண்டுபிடித்தால் ஒரே பாதையின் இடத்தைப் பங்குபோட வேண்டியிருக்கும். ஒன்றில் இடம் மிஞ்சி மற்றொன்றில் நெரிசல் வர வாய்ப்பு உண்டு. மூன்றின் கேட்பு, விற்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து விலை கண்டுபிடிக்கும் சந்தை இணைப்புக்கு மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. மறுநாள் சந்தையில்தான் தொடக்கம் என்றது. அதை எதிர்த்து ஐ.இ.எக்ஸ். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

"எஸ்1, எஸ்2 ரெண்டும் 10 ரூபாய் காட்டுது. அப்ப நெரிசல் இல்லைதானே?"

அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து மறுநாள் சந்தையின் உச்சவரம்பு யூனிட்டுக்கு 10 ரூபாய். அதற்கு முந்தின ஆண்டு அது 12, அதற்கும் முன்பு 20. கோடை மாலையில் சூரிய மின்சாரம் இறங்கியதும் நாடு முழுவதும் அந்த வரம்பைத் தொடும் பிளாக்குகள் வரும். எல்லோரும் 10இல் முட்டி நிற்கும்போது பாதை நிரம்பியிருந்தாலும் வித்தியாசம் விலையில் தெரியாது. கேட்டதில் எவ்வளவு கிடைத்தது என்பதில்தான் தெரியும்.

அதனால் பட்டியல் வந்ததும் மாலை 6 முதல் இரவு 11 வரையிலான பிளாக்குகளில் விலையோடு சேர்த்து, ஒதுக்கப்பட்ட அளவையும் பாருங்கள். கேட்டது 2 மெகாவாட், கிடைத்தது 0.6 என்று இருந்தால், அந்த ஷிப்டுக்கு ஈ.பி. மின்சாரமா டீசலா என்பதை அன்று மதியமே முடிவு செய்துவிடலாம். நிகழ்நேரச் சந்தையில் மறுபடி முயலலாம், அங்கே அரை மணிக்கு ஒரு ஏலம் நடக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி பாய்லரைப் பற்றவைக்க வேண்டாம்.